கிளாக்ஸ்விக் ஊரும் கே.ஐ. கிளப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 கோடையில் ஃபாரோ தீவுகளைச் சேர்ந்த ஒரு கால்பந்து கிளப், ஹங்கேரி சாம்பியனையும் ஸ்வீடன் சாம்பியனையும் அடுத்தடுத்து வெளியே அனுப்பியது. அதுவரை அந்தத் தீவுகளின் பெயரையே கேள்விப்படாத நண்பர்கள்கூட அன்றிலிருந்து கே.ஐ. பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கே.ஐ. என்பது எதன் சுருக்கம்?

கிளாக்ஸ்விகார் ஈத்ரோத்தார்ஃபெலாக். ஃபாரோ மொழியில் 'கிளாக்ஸ்விக் விளையாட்டுச் சங்கம்' என்று பொருள். 1904 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கப்பட்டது. ஜெர்சி நிறம் நீலமும் வெள்ளையும்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள். மொத்த மக்கள்தொகை சுமார் 54,000. அதில் வடகிழக்கு மூலையில் ஆறு தீவுகள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அவற்றை நோர்யோயார், அதாவது வடதீவுகள் என்கிறார்கள். அந்த ஆறில் ஒன்றான போர்டோய் தீவில்தான் கிளாக்ஸ்விக் இருக்கிறது. சுமார் 5,000 பேர் வாழும் ஊர். ஃபாரோவில் தலைநகர் டோர்ஷவ்னுக்கு அடுத்த பெரிய ஊர் இதுதான்.

இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் துறைமுகம், அதைச் சுற்றி வீடுகள். மீன்பிடித் தொழில்தான் ஊரின் முதுகெலும்பு. 1888-இல் தொடங்கிய ஃபோரோயா பியோர் என்ற மது ஆலையும் இங்கேதான். 1963-இல் கட்டிய கிறிஸ்தியான்ஸ் தேவாலயத்துக்குள் போனால் தலைக்கு மேலே ஒரு நிஜப் படகு தொங்கும். துடுப்புப் போட்டுக் கடலில் போய்வந்த படகு அது. இந்த ஊருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று அந்தப் படகை அண்ணாந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

ஃபாரோ தனி நாடு இல்லையே, பிறகு எப்படித் தனி லீக், தனி தேசிய அணி?

டென்மார்க் அரசுக்கு உட்பட்டது, ஆனால் 1948 முதல் தன்னாட்சி. கால்பந்துச் சங்கம் 1979-இல் உருவானது. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா 1988-இலும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூயெஃபா 1990-இலும் அதை உறுப்பினராகச் சேர்த்தன. அதனால் ஃபாரோ சாம்பியன் ஐரோப்பியப் போட்டிகளில் நேரடியாகக் கலந்துகொள்ளலாம். அந்த வாய்ப்பு வந்தவுடனே பயன்படுத்திய கிளப்புகளில் கே.ஐ.யும் ஒன்று. ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டி 1992-இல் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய முதல் பருவத்திலேயே பூர்வாங்கச் சுற்றில் லாட்வியாவின் ஸ்கோன்டோவுடன் ஆடி, இரண்டு ஆட்டத்திலும் தோற்றார்கள்.

லீக் எவ்வளவு பழையது? எப்படி நடக்கிறது?

ஃபாரோவில் கால்பந்து 1892-இலேயே வந்துவிட்டது. தெற்குத் தீவில் டி.பி. என்ற கிளப்தான் முதலாவது. ஆனால் முறையான லீக் 1942-இல்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, தீவுகள் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தன. அந்த முதல் லீக்கின் சாம்பியன் கே.ஐ.

இப்போது மேல்தட்டில் 10 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றுடனும் மூன்று முறை மோதும், ஆக 27 ஆட்டங்கள். குளிர்காலத்தில் ஆட முடியாது என்பதால் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிக்கிறார்கள். இன்னொரு விஷயம், பெரிய கிளப்புகளின் இரண்டாவது, மூன்றாவது அணிகள் கீழ்த்தட்டு லீக்குகளில் ஆடும். முதல் அணி ஆடும் அதே தட்டில் மட்டும் ஆட முடியாது. 18 வயதுப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்காமல், வாராவாரம் பெரியவர்களோடு மோதிக் கற்றுக்கொள்ள இது வழி செய்கிறது.

ஏன் எல்லா மைதானமும் செயற்கைப் புல்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபாரோ கால்பந்தின் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது.

எரிமலைப் பாறைமேல் மெல்லிய மண். வருடம் முழுக்க மழை, உப்புக் காற்று, குறுகிய கோடை. மலைச்சரிவில் புல் தாராளமாக முளைக்கும், ஆடுகள் மேயும். ஆனால் 22 பேர் பூட்ஸ் போட்டு ஓடினால் தரை சேறாகிவிடும். சமதளமான இடமும் கிடைப்பது அரிது. அதனால் பல ஆண்டுகள் சரளைத் தரையில்தான் ஆடினார்கள். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும்.

1990-இல் தேசிய அணி முதல்முதலாக ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டியிருந்தபோது, நாட்டில் சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற ஒரு புல்தரைகூட இல்லை. 'சொந்த மண்' ஆட்டத்தை ஸ்வீடனில் லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் வைத்தார்கள். அது செப்டம்பர் 12. எதிரணி, சில மாதங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்திருந்த ஆஸ்திரியா. மரக்கட்டை விற்பனையில் வேலை பார்த்த டோர்கில் நீல்சன் ஒரு கோல் போட்டார், குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்ற கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் நுட்சன் எதையும் உள்ளே விடவில்லை. 1-0. ஃபாரோவில் கால்பந்து பேசுகிற யாரிடமும் அந்த நாளைப் பற்றிக் கேட்கலாம்.

செயற்கைப் புல் வந்தபிறகு நிலைமை தலைகீழ். மழை பெய்தாலும் பயிற்சி நிற்பதில்லை. பள்ளி முடிந்ததும் சின்னப் பிள்ளைகள், அப்புறம் இளைஞர்கள், இரவில் முதல் அணி என்று ஒரே தரை நாள் முழுக்க உழைக்கும். இன்றைய ஃபாரோ ஆட்டக்காரர்களின் பந்துக் கட்டுப்பாடு அவர்களுடைய அப்பாக்களைவிடப் பல மடங்கு மேல். முக்கியக் காரணம் இந்தத் தரைதான் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் பலர் செயற்கைத் தரையைக் குறை சொல்வார்கள். இங்கே அது இல்லாமல் கால்பந்தே இல்லை.

கே.ஐ.யின் மைதானத்துக்கு 'வி யூப்புமீரார்' என்று பெயர். 'ஆழமான சதுப்பு நிலத்தருகே' என்று பொருள் கொள்ளலாம். அந்த இடம் முன்பு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழில்முறை வீரர்களா?

பெரும்பாலோர் இல்லை. ஃபாரோ லீக்கில் பகலில் வேலை அல்லது படிப்பு, மாலையில் பயிற்சி என்பதே வழக்கம். கே.ஐ.யில் சிலருக்குக் கால்பந்தே தொழில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆனாலும் அணியின் நடுத்தண்டு உள்ளூர்க்காரர்கள்தான். ஐரோப்பிய ஆட்டங்கள் வார நடுவில் வரும். அப்போது வேலையில் விடுப்புச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். முதலாளிக்கும் அந்த ஆட்டம் முக்கியம் என்பதால் விடுப்பு கேட்பது சிரமமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

2023-இல் உண்மையில் என்ன நடந்தது?

படிப்படியாகச் சொல்கிறேன்.

சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்று, ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஸ். முதல் ஆட்டம் 0-0. அது போதும், அதிர்ஷ்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜூலை 19 அன்று புடாபெஸ்டில் இரண்டாவது ஆட்டம். கே.ஐ. 3-0 என்று ஜெயித்தது. ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த லூக் காசி ஒரு கோல். தோற்ற அணி உடனே பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியது.

இரண்டாம் சுற்றில் ஸ்வீடனின் ஹெக்கன். முதல் ஆட்டம் மறுபடி 0-0. ஆகஸ்ட் 2 அன்று கோதன்பர்கில் 3-3, அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட். 4-3 என்று கே.ஐ. ஜெயித்தது. போட்டி விதிப்படி, இந்தச் சுற்றைத் தாண்டியவர்கள் அடுத்து எல்லாவற்றிலும் தோற்றாலும் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் இடம் உறுதி. ஆக, ஃபாரோ கிளப் ஒன்று முதல்முறையாக ஐரோப்பியக் குழுச் சுற்றுக்குள் நுழைந்த கணம் கோதன்பர்கின் அந்தப் பெனால்டிதான். பலர் புடாபெஸ்ட்டைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு கோதன்பர்க்தான் பெரிது.

மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டே. முதல் ஆட்டத்தில் கே.ஐ. 2-1 என்று ஜெயித்தது. மறு ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை தாக்குப்பிடித்து 2-0 என்று தோற்றது. பிறகு இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் பிளே-ஆஃபில், அதாவது குழுச் சுற்றுக்கு முந்தைய கடைசித் தகுதிச் சுற்றில், மால்டோவாவின் ஷெரிஃபிடம் 1-1, 1-2. கடைசியில் கான்ஃபரன்ஸ் லீக் குழு.

குழுச் சுற்றில் எப்படி ஆடினார்கள்?

பிரான்சின் லில், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியூப்லியானா ஆகிய மூன்றும் அதே குழுவில். சொந்த நாட்டில் லில்லுடன் 0-0, ஒலிம்பியாவுடன் 3-0 வெற்றி. மொத்தம் 4 புள்ளி. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் லில் மாதிரி ஓர் அணியை 90 நிமிடம் கோல் போடவிடாமல் நிறுத்தியது சாதாரண வேலை இல்லை.

அந்த ஆட்டங்கள் கிளாக்ஸ்விக்கில் நடக்கவில்லையாமே?

ஆமாம். குழுச் சுற்றுக்கு யூயெஃபா கேட்கும் வசதிகள் சொந்த மைதானத்தில் இல்லை. அதனால் டோர்ஷவ்னில் உள்ள தேசிய மைதானமான டோர்ஸ்வோட்லூரில் ஆடினார்கள். 2020-க்கு முன்பாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். இப்போது கடலடிச் சுரங்கம் வழியாக 36 நிமிடம். ஊரைவிட்டு வெளியே போய்த்தான் இந்தப் பெரிய ஆட்டங்களைப் பார்க்க வேண்டியிருந்தது என்பது வருத்தம்தான், மறுக்கவில்லை.

சுரங்கத்துக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 2006 வரை வடதீவுகளுக்கும் மற்ற தீவுகளுக்கும் இடையே சாலை கிடையாது. கே.ஐ. வெளியூர் போய் ஆட வேண்டுமானால் முதலில் பக்கத்துத் தீவின் லெய்ர்விக் என்ற ஊருக்குப் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு தாமதம், ஆட்டமும் தாமதம். வெளியூரில் வேலை செய்கிற ஆட்டக்காரர் தினமும் மாலைப் பயிற்சிக்கு வந்துபோவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

2006-இல் 6.2 கிலோமீட்டர் நீளமுள்ள நோர்யோயா கடலடிச் சுரங்கம் திறந்தது. 2020 டிசம்பரில் 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான எய்ஸ்டுரோய் சுரங்கம் வந்தது. கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானாவே உண்டு. டோர்ஷவ்னில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் கிளாக்ஸ்விக்கில் பயிற்சிக்கு நிற்பது இப்போது நடக்கக்கூடிய காரியம். கே.ஐ. மறுபடி தலைதூக்கிய காலமும் இந்தச் சாலைகள் வந்த காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

தெற்குத் தீவான சுதுரோய்க்கு இன்றும் டோர்ஷவ்னிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல் பயணம்தான். அந்தத் தீவு அணிகளின் சிரமத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இது திடீரென்று நடந்த அதிசயமா?

'அதிசயம்' என்ற சொல் எனக்கு ஒப்பாது. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் வருடக்கணக்கான உழைப்பு மறைந்துபோகிறது.

1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியனாக இருந்த கிளப் இது. 1972-க்குப் பிறகு 1991 வரை ஒரு பட்டமும் இல்லை. 1999-இல் ஒன்று. மறுபடி நீண்ட வறட்சி. 2009-இல் மேல்தட்டிலிருந்தே கீழே இறங்கினார்கள், 2010-இல் இரண்டாம் தட்டில் ஆடி 2011-இல் திரும்பி வந்தார்கள். அடுத்த பட்டம் 2019-இல்தான், அதாவது 20 ஆண்டு கழித்து. 2015 முதல் 2022 வரை பயிற்சியாளராக இருந்தவர் மிச்யால் தோமாசன். இப்படி நீண்ட காலம் ஒரே ஆளை நம்பி விட்டது கிளப் நிர்வாகத்தின் பெரிய முடிவு என்பேன்.

2020-இல் யூரோப்பா லீக்கில் ஜார்ஜியாவின் டினாமோ திபிலிசியை 6-1 என்று நொறுக்கினார்கள். குழுச் சுற்றுக்கு ஒரே ஆட்டம் பாக்கி இருந்தபோது அயர்லாந்தின் டன்டாக்கிடம் 3-1 என்று தோற்றார்கள். 2022-இல் நார்வேயின் போடோ கிளிம்ட்டை ஊரில் 3-1 என்று வென்றார்கள், முதல் ஆட்டத்தில் 3-0 தோற்றதால் அது போதவில்லை. தோமாசன் நார்வேக்குப் போன பிறகு, 2023-இல் நார்வேக்காரர் மாக்னே ஹோசெத் பொறுப்பேற்றார். வாசற்படி வரை மூன்று வருடம் வந்து வந்து நின்ற அணிதான் அந்த வருடம் உள்ளே போனது.

பெண்கள் அணி இருக்கிறதா?

இருக்கிறது. சாதனையில் ஆண்கள் அணிக்கு மேலே நிற்கிறது. 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 முறை ஃபாரோ சாம்பியன். ஐரோப்பிய மகளிர் கோப்பை 2001-இல் தொடங்கியதிலிருந்து 2017 வரை வருடாவருடம் ஃபாரோ சார்பில் போய் ஆடியது இந்த அணிதான். ஆண்கள் அணி இரண்டாம் தட்டில் கிடந்த 2010-இலும் ஊருக்குப் பட்டம் கொண்டுவந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். 2023 பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கிளப் ஊருக்கு என்ன அர்த்தம் தருகிறது?

5,000 பேர் உள்ள ஊரில் ஆட்டக்காரர் என்பவர் டிவியில் மட்டும் பார்க்கிற முகம் இல்லை. காலையில் கடையில் எதிரே வருவார். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பவர், இடைவேளையில் காபி ஊற்றுபவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவோ பக்கத்து வீடோ ஆகத்தான் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் தோற்றுவிட்டு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஜெயித்தாலும் தலைக்கனம் ஏற இடமில்லை.

கால்பந்து மட்டும்தான் ஊரின் உயிர் என்று சொல்லமாட்டேன். ஜூன் மாதத்தில் நோர்யோயா ஸ்டெவ்னா என்ற விழா நடக்கும், அதில் படகுப் போட்டிக்குக் கரை முழுக்க ஆள் நிற்கும். துடுப்புப் படகு ஃபாரோவின் தேசிய விளையாட்டு. ஆனால் விழா வருடத்தில் ஒருமுறை, லீக் ஆட்டம் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

ஐரோப்பாவில் வந்த பணம் லீக்கைக் கெடுக்காதா?

நியாயமான கவலை. கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றில் கலந்துகொண்டதற்கே 29 லட்சம் யூரோவுக்கு மேல். ஃபாரோ கிளப்புக்கு அது மிகப் பெரிய தொகை. மற்ற ஒன்பது அணிகளுக்கும் அது கிடைக்கவில்லை. ஒரே கிளப் வருடாவருடம் இப்படிச் சம்பாதித்தால் லீக் சலித்துப்போகும். கே.ஐ. மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்.பி., பி36, விகிங்கூர் எல்லாம் பலமான கிளப்புகள். பட்டங்களின் எண்ணிக்கையில் எச்.பி. இன்னும் முன்னால் இருக்கிறது. 2024-இல் பட்டம் விகிங்கூருக்குத்தான் போனது.

கே.ஐ.யைவிடச் சின்ன கிளப் எதையாவது பார்க்கலாமா?

எனக்குப் பிடித்தது இபி/ஸ்ட்ரெய்முர். ஐயி, ஸ்ட்ரெய்ம்னெஸ் என்ற இரண்டு ஊர்க் கிளப்புகள் 1993-இல் சேர்ந்து உருவானது. 2008-இலும் 2012-இலும் சாம்பியன். 2008-இல் யூயெஃபா கோப்பைத் தகுதிச் சுற்றில் மான்செஸ்டர் சிட்டியுடன் மோதி இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் அந்தக் கிளப்பின் அளவுக்கு அது மரியாதையான தோல்வி. ஐயி ஊரின் பழைய மைதானம் கடலை ஒட்டி இருக்கும். இன்று அங்கே பயணிகள் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

மே முதல் ஆகஸ்ட் வரை. ஜூனில் கிட்டத்தட்ட 19 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், இரவு ஆட்டத்துக்கும் விளக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. வாகார் தீவில் விமான நிலையம், அங்கிருந்து சாலையிலேயே சுரங்கங்கள் வழியாகக் கிளாக்ஸ்விக் போய்விடலாம். கோடையிலும் மழைக்கோட்டும் கம்பளி ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மைதானத்துக்குப் போய்விடுங்கள், சின்னப் பிள்ளைகளின் பயிற்சியையும் பார்க்கலாம்.